நிலக்கரிச் சுரங்க அனுமதி அறிக்கையில் தண்ணீர்க் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி இதுதான். ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கை, இணைப்புகளோடு சேர்த்து, பல நூறு பக்கம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. சட்டமோ புவியியலோ படிக்காத ஒருவர், குறிப்பாகத் தண்ணீர் விஷயத்தில், எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். முன்னுரையும் நிறுவனத்தின் வரலாறும் நாட்டின் மின்தேவையும் உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். நேராக நீர்ச் சமநிலைக் கணக்கு இருக்கும் இடத்துக்குப் போங்கள். குழிக்குள் எவ்வளவு தண்ணீர் வரும், அதில் மழை எவ்வளவு, ஊற்று எவ்வளவு, எவ்வளவை எதற்குப் பயன்படுத்துவார்கள், மீதி எங்கே போகும் என்று ஒரு படமோ அட்டவணையோ அங்கே இருக்கும். இப்படிப்பட்ட அறிக்கையின் அத்தியாயங்களை வேறு வேறு ஆட்கள்தான் எழுதுவார்கள். ஆனால் தண்ணீர் எல்லா அத்தியாயத்திலும் வந்தே ஆகும்: நிலத்தடி நீர், மழை வடிகால், தூசி அடக்குதல், நிலக்கரிக் கழுவுநிலையம், குடியிருப்பு, மூடல் திட்டம். ஒரே தண்ணீருக்கு ஐந்து இடத்தில் ஐந்து எண் இருந்தால், அந்தத் திட்டத்தை முழுசாக யாரும் யோசித்துப் பார்க்கவில்லை என்று பொருள். அறிக்கையின் பலவீனம் வேறு எந்த இடத்தையும்விட இங்கேதான் சீக்கிரம் தெரியும் என்பது என் கருத்து.

அதனால் முதல் வேலை, எல்லா எண்களையும் ஒரே அலகுக்கு மாற்றுவது. ஓரிடத்தில் நாளொன்றுக்குக் கிலோ லிட்டர், இன்னோரிடத்தில் நாளொன்றுக்குக் கன மீட்டர், பம்ப் விவரத்தில் நிமிடத்துக்கு இத்தனை காலன் என்று கலந்து கிடக்கும். கிலோ லிட்டரும் கன மீட்டரும் ஒன்றுதான். காலன் என்றால் எந்தக் காலன் என்று பாருங்கள். பிரிட்டிஷ் காலன் ஏறத்தாழ 4.55 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.79 லிட்டர். ஒரு தாளில் இதையெல்லாம் பக்க எண்ணோடு எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து மழையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருக்கல் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு, குழியின் பரப்பு 300 ஹெக்டேர், ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 ஹெக்டேர் என்பது 30 லட்சம் சதுர மீட்டர். அதன்மேல் விழும் மழை ஆண்டுக்கு 36 லட்சம் கன மீட்டர். குழி என்பது வெளியேற வழியில்லாத பள்ளம். விழுந்ததில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் ஊறும், மீதி அடியில் தேங்கும். இப்போது அறிக்கையைப் பாருங்கள். "சுரங்க நீர் முழுவதும் தூசி அடக்கவும் பசுமை வளையத்துக்கும் பயன்படும், வெளியேற்றம் பூஜ்ஜியம்" என்று எழுதியிருக்கலாம். தூசி அடக்க நாளைக்கு 1,500 கன மீட்டர் என்றால் வருடம் முழுக்க ஒருநாள் விடாமல் தெளித்தாலும் ஐந்தரை லட்சத்தைத் தாண்டாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. மழை கொட்டும் மாதங்களில்தான் குழியில் தண்ணீர் நிறையும். அந்த மாதங்களில் தூசி அடக்கவோ மரங்களுக்கு ஊற்றவோ தண்ணீர் தேவையே படாது. ஆண்டுச் சராசரியில் சமன் ஆகிற கணக்கு, மாதவாரியாகப் பிரித்தால் உடைந்துவிடும். "மாதவாரி நீர்ச் சமநிலை எங்கே?" என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அப்புறம் ஒரே நாளில் பெய்யும் பெருமழை. அதே 300 ஹெக்டேரில் 24 மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் பெய்தால் நாலரை லட்சம் கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஊறிப்போனாலும் 3,60,000 மிஞ்சும். மணிக்கு 1,000 கன மீட்டர் இறைக்கும் இரண்டு பம்புகள் நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 40,000 வெளியேறும். குழி வற்ற ஒன்பது நாள் ஆகும், அதற்குள் அடுத்த மழை வராமலிருந்தால். உற்பத்தி நிற்கிற நேரத்தில் தண்ணீரை எப்படியாவது வெளியே தள்ளத்தான் எந்தச் சுரங்க மேலாளருக்கும் நெருக்கடி வரும். பக்கத்து ஓடைக்குக் கலங்கல் நீர் போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். எனவே, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிகாலையும் சம்ப்பையும் (குழியின் அடியில் தண்ணீரைச் சேர்த்து இறைக்கும் பள்ளம்) வடிவமைத்திருக்கிறார்கள், அந்த மழைத் தரவு எந்த நிலையத்திலிருந்து வந்தது, எத்தனை ஆண்டுத் தரவு என்று கேளுங்கள். "போதுமான கொள்ளளவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பதில் ஆகாது.

இது விரிவாக்கம் என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்துக்கு முன்பு அனுமதி தந்தபோது நிபந்தனைகள் விதித்திருப்பார்கள். அவற்றை எந்த அளவுக்கு நிறைவேற்றினார்கள் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் சான்றளித்த அறிக்கை விரிவாக்க விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். அதையும் பழைய அனுமதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புதிய அறிக்கையில் உள்ள கணிப்புகளைவிட இதற்கு மதிப்பு அதிகம். பத்து ஆண்டுக்கு முன் "நீர்மட்டம் 500 மீட்டருக்கு அப்பால் பாதிக்கப்படாது" என்று சொல்லியிருந்தால், பத்து ஆண்டுக் கிணற்று அளவீடுகள் இப்போது கையில் இருக்க வேண்டுமே. அந்தக் கணிப்பு பலித்ததா? பலிக்கவில்லை என்றால் அதே முறையில் போட்ட புதிய கணிப்பை ஏன் நம்ப வேண்டும்? அளவீடே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். நிபந்தனை மீறல் என்று அதைப் பதிவு செய்யலாம்.

இனி நிலத்தடி நீர். மெதுவாகப் படிக்க வேண்டிய அத்தியாயம் இது.

குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால், சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதை நோக்கி வரும். வந்ததை இறைத்துக்கொண்டே இருந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். எவ்வளவு தூரம் வரை இறங்கும் என்பதைத்தான் பாதிப்பு ஆரம் என்கிறார்கள். பல அறிக்கைகள் இதற்கு சிச்சார்ட் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன: நீர்மட்டம் இறங்கும் ஆழத்தை மீட்டரில் எடுத்து, பாறையின் நீர்க்கடத்து திறனின் (பாறை தன் வழியே தண்ணீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவு) வர்க்கமூலத்தால் பெருக்கி, 3,000 ஆல் பெருக்க வேண்டும். 80 மீட்டர் இறக்கம், நீர்க்கடத்து திறன் நொடிக்கு 0.00001 மீட்டர் என்றால் ஆரம் சுமார் 760 மீட்டர். அதே திறன் பத்து மடங்கு கூடுதலாக இருந்தால் 2,400 மீட்டர். ஒரே குழி, ஒரே ஆழம். ஓர் எண்ணை மாற்றினால் ஒரு கிராமம் வட்டத்துக்கு உள்ளே வருகிறது அல்லது வெளியே போகிறது. பாறையின் நீர்க்கடத்து திறன் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் பத்து மடங்கு மாறுவது மிகச் சாதாரணம். விரிசல் உள்ள மணற்கல்லில் அதற்கு மேலும் மாறும். ஆகவே அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். அந்த இடத்திலேயே செய்த இறைப்புச் சோதனையா, எத்தனை துளைகளில், எத்தனை மணி நேரம்? அல்லது பாடநூலிலிருந்தோ பக்கத்துச் சுரங்கத்தின் அறிக்கையிலிருந்தோ எடுத்ததா? இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தச் சூத்திரத்தில் காலமே கிடையாது. ஐந்து ஆண்டு இறைத்தாலும் முப்பது ஆண்டு இறைத்தாலும் ஒரே விடைதான் தரும். நீண்ட கால, ஆழமான சுரங்கத்துக்கு இதை மட்டும் நம்பியிருந்தால், கணினி மாதிரி கொண்டு கணிக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

எந்த நீர்ப்படுகையில், அதாவது நிலத்தடி நீர் தங்கும் எந்த அடுக்கில், சோதனை செய்தார்கள் என்பதும் முக்கியம். நிலக்கரிக்கு மேலே ஒரு நீர்ப்படுகை, கீழே ஒன்று என்று இருக்கலாம். நெய்வேலி இதற்கு நல்ல உதாரணம். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஆர்ட்டீசியன் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் குழியின் தரையையே தண்ணீர் பிளந்துகொண்டு வரும். அதனால்தான் 1960கள் முதல் அங்கே குழியைச் சுற்றி இரவு பகலாக இறைக்கிறார்கள். இப்படி இரு பக்கமும் அடைபட்டு அழுத்தத்தில் இருக்கும் படுகையில் இறைக்கும்போது, நீர்மட்டச் சரிவு திறந்த படுகையைவிட மிக வேகமாகவும் மிகத் தொலைவாகவும் பரவும். மேல்படுகையில் உள்ள திறந்த கிணறுகளை மட்டும் அளந்துவிட்டு "பாதிப்பு இல்லை" என்று எழுதினால், ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் விவசாயியின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நீர்மட்டக் கண்காணிப்புக்கான பீசோமீட்டர்கள் ஒவ்வொரு படுகைக்கும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கிணற்றுக் கணக்கெடுப்புப் பட்டியலையும் சரிபாருங்கள். உள்ளூர்க்காரரைவிட இதை நன்றாகச் செய்ய யாராலும் முடியாது. பட்டியலில் உள்ள கிணறு நிஜமாகவே இருக்கிறதா, ஆழம் சரியா, ஊரின் குடிநீர் போர் அதில் இடம்பெற்றிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் உங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தை இப்போதே அளந்து, தேதியோடும் புகைப்படத்தோடும் எழுதி வையுங்கள். பிறகு நீர் வற்றினால், முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது. இந்த ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

நிலத்தடி நீரை எடுக்க மத்திய நிலத்தடி நீர் ஆணையமோ மாநிலத்தின் உரிய அமைப்போ தரும் தடையின்மைச் சான்று தனியாக வேண்டும். அதற்குக் கொடுத்த விண்ணப்பத்தில் உள்ள இறைப்பு அளவும் இந்த அறிக்கையில் உள்ள அளவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

அடிப்படை நிலைத் தரவு, அதாவது விரிவாக்கத்துக்கு முன் இப்போதுள்ள நிலையை அளந்த தரவு, பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்தில், மூன்று மாதம் எடுத்த தரவை வைத்துத்தான் பல அறிக்கைகள் நிற்கின்றன. காற்றுக்கு அது ஓரளவு போதலாம். தண்ணீருக்குப் போதவே போதாது. கோடையில் எடுத்த ஓடை மாதிரியில் ஓட்டமே இருக்காது. மழைக்காலத்தில் எடுத்ததில் உப்பு நீர்த்துப் போயிருக்கும். மாதிரி எடுத்த தேதி, இடம், ஆய்வகத்தின் பெயர் மூன்றும் இருக்கின்றனவா, ஓடையில் சுரங்கத்துக்கு மேலேயும் கீழேயும் எடுத்தார்களா என்று பாருங்கள். உயிரினப் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான மதிப்பீட்டு அறிக்கையில், ரஷ்யாவில் உள்ள பாக்சைட் சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே வந்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. கொங்கண் கடற்கரையில், குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் காடு இருப்பதாக எழுதியிருந்தார்கள். வெட்டி ஒட்டிய அறிக்கையை அந்த ஊர் மரங்களைத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, வெளியேறும் நீரின் தரத்துக்கு வருவோம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று 2000 செப்டம்பரில் தனித் தரநிலை அறிவித்தார்கள். வெளியேறும் நீரில் அமில காரத் தன்மை (pH) 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை, எண்ணெய்ப் பசை 10 மில்லிகிராம் வரை, நைட்ரேட் நைட்ரஜன் 10 மில்லிகிராம் வரை என்று அது சொல்கிறது. நைட்ரேட் ஏன் என்றால், வெடிமருந்தாகப் பயன்படுவது பெரும்பாலும் அமோனியம் நைட்ரேட். வெடிக்காமல் மிஞ்சியது தண்ணீரில் கரையும்.

மிதக்கும் திடப்பொருளைக் குறைக்க வண்டல் குட்டை கட்டுவோம் என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழக் குட்டையின் கொள்ளளவு 3,000 கன மீட்டர். அதற்குள் மணிக்கு 1,000 கன மீட்டர் இறைத்தால் தண்ணீர் உள்ளே தங்குவது மூன்றே மணி நேரம். அசையாத நீரில்கூட 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் மணிக்கு 32 சென்டிமீட்டர்தான் இறங்கும். 2 மீட்டர் இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு ஆறு நாள் ஆகும். ஆக அந்தக் குட்டை மணலைப் பிடிக்கும். ஓடையைக் கலக்குகிற நுண்வண்டலில் பெரும்பகுதியை விட்டுவிடும். குட்டை எத்தனை என்று எண்ணுவதைவிட, எவ்வளவு நேரம் தண்ணீர் தங்கும், வண்டலை எப்போது தூர்வாருவார்கள், வாரியதை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது அந்தத் தரநிலைப் பட்டியலில் இல்லாதவை. சல்பேட் அதில் இல்லை. கரைந்த மொத்த உப்பு இல்லை. இரும்பும் மாங்கனீஸும் இல்லை. அந்த நான்கு வரம்புக்குள்ளும் ஒழுங்காக இருந்துகொண்டே ஒரு சுரங்க நீர் ஓடையை உப்பாக்கிவிட முடியும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இதைத்தான் கண்டார்கள். அங்கே சுரங்கக் கழிவுப் பாறை வழியாக வந்த தண்ணீர் பல இடங்களில் அமிலமாக இல்லை. கண்ணுக்குத் தெளிவாகவும் இருந்தது. ஆனால் கரைந்த உப்பு கூடியதில் ஓடையின் பூச்சியினங்கள் அழிந்தன. 2011-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தப் பகுதி ஓடைகளுக்கு மின்கடத்து திறன் (கரைந்த உப்பு கூடக் கூட இது ஏறும்) சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோ சீமென்ஸ் என்று ஓர் அளவுகோலை வெளியிட்டது. அந்த எண்ணை நம் ஆறுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. நிலமும் உயிரினங்களும் வேறு. பாடம் பொருந்தும்: தரநிலைக்குள் இருக்கிறது என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் வேறு வேறு. ஓடைக்குக் கீழே குடிநீர்க் கிணறுகள் இருந்தால் குடிநீர்த் தரநிலையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதில் சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், கரைந்த உப்புக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க வரம்பு.

அமிலப் பிரச்சினை நிலக்கரியையும் பாறையையும் பொறுத்தது. அதில் உள்ள பைரைட் என்ற இரும்பு சல்பைடு, காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகும். தாமோதர், மகாநதிப் படுகைகளின் கோண்ட்வானா நிலக்கரியில் கந்தகம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. மேகாலயா, அஸ்ஸாம் நிலக்கரியில் அது 2 முதல் 8 சதவீதம் வரை போகும். மேகாலயாவின் ஜைந்தியா மலைப்பகுதியில் லுக்கா ஆறு குளிர்காலத்தில் அடர் நீலமாக மாறி மீன்கள் செத்தது உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். மலைமேல் உள்ள சுரங்கங்களின் அமில நீர்தான் அதற்குக் காரணம் என்ற குற்றச்சாட்டு வலுவானது. அங்கே ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் குறுகலாகக் குடைந்த எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. ஆனால் "எங்கள் நிலக்கரியில் கந்தகம் குறைவு" என்பதோடு விட்டுவிடக் கூடாது. நிலக்கரி லாரியில் ஏறிப் போய்விடும். அங்கேயே கிடக்கப் போவது மேலே இருந்து வெட்டி எடுத்துக் கொட்டிய பாறையும் மண்ணும்தான். அந்தப் பாறையில், அதிலும் நிலக்கரிக்கு ஒட்டிய கரும் களிப்பாறையில், பைரைட் எவ்வளவு, அதைச் சமன் செய்யும் சுண்ணாம்பு எவ்வளவு என்ற அமில-காரக் கணக்கு வேண்டும். 1 சதவீதம் பைரைட் கந்தகம் உள்ள ஒரு டன் பாறையின் அமிலத்தை முறிக்க 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் தேவை. இந்தச் சோதனை எத்தனை துளைகளின் மாதிரியில், எந்தெந்த ஆழத்தில் செய்யப்பட்டது என்று பாருங்கள். சோதனையே இல்லாத அறிக்கைகள் உண்டு.

மண்மேடுகள் பற்றிய அத்தியாயத்தை உயரம், சரிவுக் கோணம் என்று மட்டும் படிக்காமல், மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1966 அக்டோபரில் வேல்ஸில் அபர்ஃபான் ஊரின் பள்ளிக்கூடத்தின் மீது நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஓர் ஊற்றின் மேல் கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. இங்கே இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தையும் பழைய செயற்கைக்கோள் படங்களையும் அறிக்கையின் வரைபடத்தோடு ஒப்பிட்டால், எந்த ஓடை விடுபட்டிருக்கிறது, எந்தக் குளத்தின் வரத்துக்கால் மேட்டுக்கு அடியில் போகிறது என்று தெரியும். ஓடையைத் திருப்பிவிடப் போகிறார்கள் என்றால் மாநில நீர்வளத் துறையின் ஒப்புதலையும் புதிய கால்வாயின் வெள்ளக் கணக்கையும் கேளுங்கள். விவரத்தை மறைப்பது சின்ன விஷயம் அல்ல. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம், விண்ணப்பப் படிவத்தில் முழுத் தகவலைத் தராததைக் கடுமையாக எடுத்துக்கொண்டு அனுமதியை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது.

நம் நடைமுறையில் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது கூட்டுப் பாதிப்பு. ஒரே ஆற்றுப் படுகையில் ஏழு சுரங்கம் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் பாதிப்பை மட்டும் சொல்லி "சிறிதளவே" என்று முடிக்கும். அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்க, நிலமீட்புச் சட்டம் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. தன் சுரங்கத்தின் நீர் விளைவுகளை விண்ணப்பதாரர் கணித்துத் தர வேண்டும். அந்தப் பகுதியில் வரப்போகும் எல்லாச் சுரங்கங்களின் கூட்டு விளைவை மதிப்பிடுவது அனுமதி தரும் அதிகார அமைப்பின் வேலை. அனுமதி எல்லைக்கு வெளியே நீர்ச் சமநிலைக்குப் பெரும் சேதம் வராதபடி திட்டம் அமைந்திருக்கிறது என்று அந்த அமைப்பே எழுத்தில் முடிவு சொல்லாமல் அனுமதி தரக் கூடாது. நடைமுறையில் அங்கேயும் குறை உண்டு. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. நீங்கள் உங்கள் கருத்தில், பத்து கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாச் சுரங்கங்களின் இறைப்பையும் வெளியேற்றத்தையும் ஒரே அட்டவணையில் போடச் சொல்லிக் கேட்கலாம்.

மூடல் திட்டத்தில் இரண்டு கேள்வி போதும். இறைப்பு நின்ற பிறகு நீர்மட்டம் மீள எத்தனை ஆண்டு ஆகும்? கடைசியில் மிஞ்சும் பள்ளத்தில் தேங்கும் நீரின் தரம் எப்படி இருக்கும்? "ஏரி உருவாகும், மீன் வளர்க்கலாம்" என்று வரைபடம் போட்டிருப்பார்கள். வெளியேற வழியில்லாத ஏரியில் ஆவியாதலால் உப்பு கூடிக்கொண்டே போகும்; அதற்கான கணக்கு இல்லாமல் அந்த வரைபடத்துக்கு மதிப்பில்லை. சுரங்க நீரைக் கிராமங்களுக்குக் குடிக்கவும் பாசனத்துக்கும் தருகிறோம் என்று சொல்லியிருந்தால், சுரங்கம் மூடிய மறுநாள் அந்தக் குழாயில் என்ன வரும் என்றும் கேளுங்கள். மூடலுக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டிய பணத்தில் நீர்க் கண்காணிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கூட்டத்தில் பேசுங்கள், ஆனால் அதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பக்க எண், அங்கே உள்ள எண், அது ஏன் தவறு, என்ன வேண்டும் என்ற நாலும் இருக்கட்டும். "சுற்றுச்சூழல் பாழாகும்" என்று எழுதினால் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரியில் பதில் வரும். "பக்கம் 212-ல் ஊற்று 6,000 கன மீட்டர், பக்கம் 340-ல் 2,500, எது சரி?" என்று எழுதினால் அப்படித் தப்ப முடியாது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். அதுவரை கலையாமல் இருந்து, உங்கள் கருத்து அதில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். திட்டத்தை ஆராய்ந்து அனுமதிக்குப் பரிந்துரை செய்யும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆட்சேபங்களைக் கணக்கில் எடுத்து, ஏற்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009-ல் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் சொல்லியிருக்கிறது. குழுவின் கூட்டக் குறிப்புகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வரும். உங்கள் கேள்விக்கு அதில் என்ன பதில் என்று தேடிப் பாருங்கள்.

அனுமதி கிடைத்தே தீரும் என்று தோன்றினாலும் நிபந்தனைகளுக்காக வாதாடுவது வீணில்லை. "நீர்மட்டத்தைக் கண்காணிக்க வேண்டும்" என்பது பயனற்ற நிபந்தனை. இன்ன பீசோமீட்டரில் நீர்மட்டம் இன்ன அளவுக்குக் கீழே போனால் இறைப்பை இத்தனை குறைக்க வேண்டும், பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு இத்தனை நாளுக்குள் மாற்றுக் குடிநீர் தர வேண்டும், அளவீடுகளை மாதாமாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று இருந்தால்தான் பிறகு யாராவது கேள்வி கேட்க முடியும். அப்படிப்பட்ட வாசகத்தை நீங்களே எழுதி உங்கள் கருத்தோடு இணைத்துவிடலாம்.

அனுமதி வந்த பிறகு நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். வெளியாகாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போவதானால் உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள்தான் கெடு; போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம், அதற்கு மேல் கிடையாது. அதனால் கருத்துக்கேட்பு முடிந்த பிறகு பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்க ஒருவரை இப்போதே பொறுப்பாக்கிவிடுங்கள்.